டேஎஎஎய்! கடலோரப் பேச்சை அச்சில் காட்டுவது எப்படி?

கேள்வி: பாம்பன் மீனவர்களை வைத்து ஒரு படக்கதை தயாரிக்கிறோம். படகுக்குப் படகு கத்திக் கூப்பிடுவதைக் காட்ட, 'டேய்' என்பதில் இரட்டைக் கொம்பை நாலைந்து தரம் தட்டினால் திரையில் எழுத்தே கோணல்மாணல் ஆகிறது. நீட்டலை எப்படித்தான் காட்டுவது? (ஒரு வாசகர், பாம்பன்)

பதில்: கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிற குறி, ஆனால் காதில் விழும் நீட்டலோ பின்னால் போகிறது. அதனால் எத்தனை தரம் தட்டினாலும் எல்லாம் முன்பக்கமே போய்க் குவியும், சில எழுத்துருக்களில் வெற்று வட்டம் வேறு முளைக்கும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த அளபெடை இருக்கிறதே! நெடிலுக்குப் பக்கத்தில் அதற்கு இனமான குறிலைப் போட வேண்டும், அவ்வளவுதான். குறளில் 'கெடுப்பதூஉம்' என்று வருவது அப்படித்தான். ஆக 'டேஎஎஎய்', 'வாஅஅ', 'போஒஒ' என்று எழுதுங்கள்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. அந்த 'எ' ஒவ்வொன்றும் தனி எழுத்தாக நிற்பதால் ஒவ்வொன்றின் அளவையும் உங்கள் இஷ்டத்துக்கு மாற்றலாம். கச்சான் காற்றுக்கு எதிராகக் கத்துகிறவன் குரல் பாதி தூரத்திலேயே கரைந்துவிடும் இல்லையா, அதற்கு எழுத்துகளைப் படிப்படியாகச் சின்னதாக்குங்கள். காற்றோடு சேர்ந்து வரும் குரல் என்றால் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். கேள்வியாக முடிந்தால் கடைசி எழுத்தைக் கோட்டுக்கு மேலே கொஞ்சம் தூக்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பாத்திரங்களின் பேச்சுக் குமிழிகளுக்கு மட்டும், அரபு எழுத்துப் போல வளைந்த தமிழ் எழுத்துருவைப் போடலாம் என்கிறார் வடிவமைப்பாளர். எனக்கு என்னவோ உறுத்துகிறது. (ஒரு வாசகி, கீழக்கரை)

பதில்: உறுத்த வேண்டியதுதான். அந்த எழுத்துரு ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்று சொல்லாது, அவர் எந்த மதம் என்று மட்டும் சொல்லும். கீழக்கரைக்காரர் தமிழில்தான் பேசுகிறார், பிறகு எதற்கு அந்த வேஷம்?

உங்கள் ஊரிலேயே இதற்கு நேர்மாறான உதாரணம் இருக்கிறது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க்காரர்கள், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அந்த எழுத்துகளில் கூடுதல் குறிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அப்படி நூல்களே எழுதியிருக்கிறார். கொரிய எழுத்திலும் 15ஆம் நூற்றாண்டில் குரல் ஏற்றத்தைக் காட்ட அசைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி வைத்தார்கள். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு குறிக்கும் பின்னால் ஒரு ஒலி இருந்தது. உங்கள் வடிவமைப்பாளரின் வளைவுக்குப் பின்னால் என்ன ஒலி இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

ஊர் வாசனை வேண்டுமானால் வாப்பா, உம்மா, காக்கா என்று கூப்பிடும் முறையிலேயே பாதி வந்துவிடும். மீதிக்கு ஆய்த எழுத்து போதும்: ஓதிப் பழகிய பெரியவர் வைகறைத் தொழுகையை 'ஃபஜர்' என்பார், பேரன் 'பஜர்' என்று விட்டுவிடுவான். ஒரே வீட்டுக்குள் இரண்டு உச்சரிப்பு, எழுத்துருவைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் பக்கம் பலர் 'பழம்' என்பதை 'பளம்' என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே எழுதலாமா? (ஒரு வாசகர், தொண்டி)

பதில்: எழுதலாம், எல்லாருக்கும் அப்படி எழுதுவதானால். வலைக்காரர் 'பளம்' என்கிறார், அதிகாரி 'வருகிறேன்' என்கிறார் என்று போட்டால் அது அநியாயம், ஏனென்றால் அந்த அதிகாரியும் வாயைத் திறந்தால் 'வர்றேன்'தான். நாம் யாருமே பேச்சில் 'மரம்' என்று உதட்டை மூடி முடிப்பதில்லை, கடைசி ஒலி மூக்கு வழியாகப் போய்விடுகிறது. அதைக் காட்டத் தமிழில் குறி இல்லை, ஒலியியலாளர்கள் உயிரொலிக்கு மேலே ஒரு நெளிகோடு போடுவார்கள். படக்கதையில் அதைப் போட்டால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இடைவழி ஒன்று இருக்கிறது. 'பழம்' என்றே எழுதி 'ழ'வை மட்டும் மெலிந்த எழுத்தில் அச்சிடுங்கள், எழுத்துப் பிழையும் வராது, காதுக்கும் சேதி போய்விடும். முதல் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால் போதும். ஒரே எழுத்துருவில் தடிமனை வேண்டிய அளவுக்குக் கூட்டிக் குறைக்கும் மாறுநிலை எழுத்துருக்கள் 2016இல் வந்துவிட்டதால் முன்போல இதற்கு மெனக்கெட வேண்டியதில்லை.

கேள்வி: ஊர்ப் பேச்சைச் சாய்வெழுத்தில் போடலாமா? (ஒரு வாசகர், ஏர்வாடி)

பதில்: வேண்டாம். சாய்வெழுத்து ரோமன் எழுத்தின் மரபு. தமிழில் பெரும்பாலும் நேரெழுத்தை அப்படியே தள்ளிச் சாய்க்கிறார்கள், 'ண', 'ஞ' எல்லாம் பார்க்கச் சகிக்காது. அப்புறம், ஊர்ப் பேச்சைச் சாய்த்துவிட்டு மற்றதை நேராக நிறுத்தினால் எது ஒழுங்கான தமிழ் என்று நீங்களே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகும். தடிமன், அளவு, இடைவெளி மூன்றையும் வைத்து விளையாடுங்கள். மட்டமான தாள் என்றால் மெலிந்த எழுத்து மங்கிப் போகும், அதனால் முழுப் புத்தகத்தையும் அடிப்பதற்கு முன் அதே தாளில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிடுங்கள்.