பனி கொட்டும் ஊரில் பச்சை மாறாத மூங்கில் வளருமா?

கேள்வி: மூங்கில் வெயில் நாட்டுச் செடிதானே? பனி பெய்கிற இடங்களில் இலை உதிராமல் நிற்கும் குட்டை மூங்கில்கள் உண்டா? வீட்டுத் தோட்டத்தில் வைக்கலாமா?

உண்டு. ஜப்பானில் அதைச் சாசா என்பார்கள். வேலை காரணமாக ஹொக்கைடோ தீவின் சப்போரோவில் இருக்கிறேன். ஊரை ஒட்டிய மருயாமா, மொய்வா குன்றுகளில் ஏறினால் மரத்தடியெல்லாம் இதுதான். நம் ஊர் மூங்கில் தோப்பை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். ரகத்தைப் பொறுத்து முழங்கால் உயரம் முதல் ஆள் உயரத்துக்கு மேல் வரை வளரும். தண்டு அதிகம் போனால் விரல் பருமன்தான், ஆனால் இலை நன்றாக அகலம். கணுவுக்கு ஒரே ஒரு கிளைதான். தண்டைச் சுற்றியிருக்கும் உறையும் பெரிய மூங்கில்களைப் போல உதிர்ந்துவிடாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு பலம் இருந்தால் இந்தக் குளிரைத் தாங்கும் என்று பலரும் வியப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது குளிரோடு மோதுவதே இல்லை, ஒளிந்துகொள்கிறது. சப்போரோவில் ஒரு குளிர்காலத்தில் விழும் பனியைக் கூட்டினால் 5 மீட்டரை நெருங்கும். பாரம் ஏற ஏறச் சாசா வளைந்து தரையோடு படுத்துவிடும். மேலே காற்று மைனஸ் 10-க்குப் போனாலும், கனத்த பனிக்கு அடியில் தரையருகே பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். பனிதான் அதற்குக் கம்பளி. வசந்தத்தில் பனி இளகும்போது படுத்திருந்த தண்டுகள் ஒவ்வொன்றாக விசுக்கென்று நிமிரும். பக்கத்தில் நடந்தால் முகத்தில் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் இரண்டு ரகங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பான் கடல் பக்கத்தில் பனி அதிகம். அங்கே இருக்கும் சிஷிமாசாசா 2, 3 மீட்டர் வளரும். அடுத்த வருடத்துக்கான மொட்டுகளைத் தண்டின் மேல்பகுதியிலேயே வைத்திருக்கும், எப்படியும் பனி மூடிவிடும் என்பதால். பசிபிக் பக்கம் பனி குறைவு, குளிரும் வறட்டுக் காற்றும் நேராகத் தாக்கும். அங்கிருக்கும் மியாகோசாசா குட்டை. மொட்டுகள் மண்ணுக்குள், தண்டுக்கு ஆயுசு ஒன்றிரண்டு வருடம்தான். இந்த இரண்டாவது ரகத்தின் எல்லை, பனி அதிகபட்சம் 50 சென்டிமீட்டர் தேங்கும் கோட்டோடு ஏறக்குறைய பொருந்துகிறது.

அழகுதான், ஆனால் காட்டிலாகாவுக்குத் தலைவலி. மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பரவி, தரைக்கு வெளிச்சமே விடாது. விழுந்த மரவிதை முளைத்தாலும் பிழைக்காது. அதனால் ஹொக்கைடோவில் புல்டோசர் வைத்துச் சாசாவை வேரோடு சுரண்டி எடுக்கிறார்கள். அந்த வெற்று மண்ணில் பூர்ச்ச மரக் கன்றுகள் தானாக வருகின்றன. இயற்கை தரும் வாய்ப்போ பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான். அப்போது ஒரு பகுதியின் சாசா எல்லாம் சேர்ந்து பூத்து, சேர்ந்து செத்துப்போகும். 1995-ல் வட ஜப்பானின் தோவாடா ஏரிப் பக்கம் சிஷிமாசாசா அப்படிப் பூத்து மடிந்தபோது, அந்த இடைவெளியில் பீச் மரக் கன்றுகள் தலையெடுத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுப் பக்கம் வந்தால், சிஷிமாசாசாவின் குருத்து மே, ஜூனில் கிடைக்கும். விரல் தடிமன், கசப்பு குறைவு. நாகானோ மாகாணத்தின் வடபகுதியில் டப்பாவில் அடைத்த கானாங்கெளுத்தி மீனோடு மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் போடுவார்கள். மீன் வாசனை பழகியவர்களுக்கு அமிர்தம். ஆனால் கரடிக்கும் இதே குருத்து பிடிக்கும். புதருக்குள் குனிந்து பறிப்பவர் கண்ணுக்குக் கரடி தெரியாது. 2016-ல் அகிதா மாகாணத்தின் கசுனோவில், காட்டில் குருத்து பறிக்கப் போன நாலு பேர் சில வாரங்களுக்குள் கரடி தாக்கி இறந்தார்கள். கடையில் வாங்கிக்கொள்வது உத்தமம்.

அப்புறம், உங்கள் தோட்டத்து விஷயம். அழகுக்கு என்றால் குமாசாசா என்ற ரகம். கோடையில் முழுப் பச்சையாக வரும் இலை, குளிர் நெருங்கும்போது ஓரம் மட்டும் காய்ந்து வெளுக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் கரை போட்ட மாதிரி இருக்கும். கிட்டப் போய்த் தொட்டால்தான் அது காகிதம் போல் உலர்ந்த ஓரம் என்று தெரியும்.

குளிர்நாட்டில் இருந்தால் தாராளமாக வையுங்கள், ஆனால் வெறும் தரையில் வேண்டாம். அலங்காரத்துக்குக் கொண்டுபோன சாசா பிரிட்டனில் தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டது. சுற்றிலும் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் தடுப்பு இறக்குங்கள், விளிம்பு மண்ணுக்கு மேல் கொஞ்சம் தெரியட்டும். இல்லாவிட்டால் அதன்மேல் ஏறித் தாண்டிவிடும். இலை அசிங்கமாகிவிட்டால் குளிர்காலக் கடைசியில், புதுக்குருத்து வருவதற்கு முன், தரையோடு வெட்டிவிடலாம், மறுபடி தழைக்கும். சென்னை, மதுரை வெயிலுக்கு இது சரிப்பட்டு வராது. ஊட்டி, கொடைக்கானல் என்றால் அரை நிழலில், பெரிய தொட்டியில் வைத்துப் பார்க்கலாம்.