பத்து பேர் கையெழுத்து போட்டால் போதுமா?

கேள்வி: சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாம் என்று இருக்கிறேன். பெரிய கட்சிக்காரருக்கு வேட்புமனுவில் கையெழுத்து போட ஒரே ஒரு முன்மொழிபவர் போதுமாம், எனக்கு மட்டும் பத்து பேர் வேண்டுமாம். இது என்ன நியாயம்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், காங்கேயம்)

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இந்தப் பத்து எப்படி வந்தது என்று பார்க்க உங்கள் பக்கத்து ஊருக்கே போகலாம். 1996 தேர்தலில் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளை நாடே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். கடைசியில் களத்தில் 1,033 பேர்! வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியிருந்தது. அதுவரை யாராக இருந்தாலும் ஒரு முன்மொழிபவர்தான், சட்டமன்றத்துக்கு டெபாசிட் வெறும் 250 ரூபாய். நாடு முழுக்கவே வேட்பாளர்கள் பெருகிக்கொண்டிருந்த நேரம் அது. அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளர் அல்லாதவர்களுக்குப் பத்து பேர் என்று ஆக்கினார்கள். டெபாசிட் இப்போது 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி.

லட்சக்கணக்கில் வாக்காளர் உள்ள தொகுதியில் பத்து பேர் கேட்பது தப்பில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். சிக்கல் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வருகிறது. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது நினைவிருக்கும். பத்தில் இரண்டு பேர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை மிரட்டியதாக விஷால் புகார் சொன்னார், ஆனாலும் மனு நிற்கவில்லை. அதனால் தெரு முனையில் கிடைத்தவரிடமெல்லாம் கையெழுத்து வாங்காதீர்கள். யார் வந்து அதட்டினாலும் "ஆமா, நான்தான் போட்டேன்" என்று சொல்லக்கூடிய ஆட்களாகப் பாருங்கள். ஒருவர் நான்கு மனுக்கள் வரை தாக்கல் செய்யலாம், டெபாசிட் ஒரு தடவை கட்டினால் போதும். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பத்து பேரை வைத்து இரண்டு செட்டாவது போட்டுவிடுங்கள்.

அப்புறம், பத்து பேரும் நீங்கள் நிற்கிற அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். படிவத்தில் கேட்பது வாக்காளர் பட்டியலின் பாகம் எண்ணும் வரிசை எண்ணும். பலர் அந்த இடத்தில் அடையாள அட்டை எண்ணை எழுதிவிடுகிறார்கள். புதிய பட்டியலைப் பார்த்து எழுதுங்கள்.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவருக்காக நானும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒரு பாட்டி ஆசையாகத் திண்ணையில் உட்கார்ந்து, மை தொட்டு, கட்டைவிரலை அழுத்தி வைத்தார். அது செல்லாது என்று அப்புறம்தான் தெரிந்தது. கைநாட்டு என்றால் தேர்தல் நடத்தும் அலுவலரோ அதற்கென நியமித்த அதிகாரியோ முன்னால் வைத்து அவர் சான்றளிக்க வேண்டும். மனு வாங்குவது காலை 11 மணி முதல் மாலை 3 மணி வரைதான். பாட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை.

கேள்வி: அநியாயமாக மனுவைத் தள்ளுபடி செய்தால் உடனே கோர்ட்டுக்குப் போக முடியாதா?
(அதே வாசகர்)

பதில்: தேர்தல் முடிகிற வரை பொதுவாக முடியாது. இதற்கும் நம்ம ஊர் வழக்குதான் அடிப்படை. நாமக்கல் தொகுதியில் மனு தள்ளுபடியான பொன்னுசாமி என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். தேர்தல் நடக்கும்போது நீதிமன்றம் குறுக்கிடாது, முடிந்த பிறகு தேர்தல் வழக்கு போடுங்கள் என்று 1952ல் தீர்ப்பு வந்தது. முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும்.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு 2024ல் சூரத் மக்களவைத் தொகுதியைப் பாருங்கள். காங்கிரஸ் வேட்பாளரை முன்மொழிந்தவர்கள் கையெழுத்து தங்களுடையதல்ல என்றார்கள், மனு தள்ளுபடியானது, மற்ற வேட்பாளர்களும் வாபஸ் வாங்க, பாஜக வேட்பாளர் போட்டியின்றி ஜெயித்தார். அந்தத் தொகுதியில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. அதனால் பரிசீலனை நாளன்று நீங்கள் கண்டிப்பாக நேரில் போங்கள், முன்மொழிந்தவர்களில் ஒருவரையும் உள்ளே அழைத்துப் போக அனுமதி உண்டு. முன்மொழிந்த மற்றவர்களும் அன்று போன் அடித்தால் எடுக்கிற தூரத்தில் இருக்கட்டும்.