பாலிபேக் துண்டும் பழைய லம்பத்து மணலும்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பழைய ஈய லம்பத்து (வெள்ளீயச் சுரங்கத்து) மணலைக் கொட்டி மேடாக்கிய இடத்தில் மிளகாயும் பயற்றங்காயும் போட்டிருக்கிறேன். நாற்று வந்த கறுப்புப் பாலிபேக்குகள் வெயிலில் நொறுங்கி மண்ணோடு கலந்துவிட்டன. குப்பை எரித்த சாம்பலையும் அங்கேதான் போடுவோம். பயற்றங்கொடி மஞ்சளாகவே நிற்கிறது. பிளாஸ்டிக்கால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துவிட்டனவா? (வாசகி ஒருவர், சுங்கை சிப்புட்)

பதில்: செத்திருக்காது அம்மா. ஆனால் எனக்குச் சந்தேகம் பிளாஸ்டிக் மேல் இல்லை, அந்தச் சாம்பல் மேல்தான்.

முதலில் ஒன்று செய்யுங்கள். பூக்கிற பருவத்தில் ஒரு கொடியைப் பிடுங்காமல், சுற்றிலும் மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியென்றால் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு பேருக்குத்தான் இருக்கிறது, வேலை நடக்கவில்லை; நைட்ரஜன் கிடைக்காமல் கொடி மஞ்சளாக நிற்கலாம். முடிச்சே இல்லையா? யூரியாவோ கோழிச்சாணமோ அள்ளிக் கொட்டினீர்களா என்று யோசியுங்கள், நைட்ரஜன் சும்மா கிடைத்தால் கொடி முடிச்சு போட மெனக்கெடாது.

இந்த முடிச்சு விஷயத்தில் இங்கிலாந்தின் வோபர்ன் பண்ணையில் நடந்தது கவனிக்க வேண்டியது. 1942 முதல் 1961 வரை அங்கே சில பாத்திகளில் சாக்கடைக் கசடை உரமாகப் போட்டார்கள், அதில் துத்தநாகம், செம்பு, காட்மியம் எல்லாம் இருந்தன. நிறுத்தி இருபது வருடத்துக்கு மேல் கழித்தும் அந்தப் பாத்திகளில் வளர்ந்த வெள்ளைக் குளோவர் என்ற, பயறு இனத்துத் தீவனச் செடியின் முடிச்சுகள் நைட்ரஜன் பிடிக்கவில்லை. மண்ணில் பாக்டீரியா இல்லாமல் இல்லை; உலோகத்தைத் தாங்கிப் பிழைத்த ரகம் பிழைத்தது, ஆனால் செடிக்கு உதவாத ரகம். உலோகம் மக்காது என்பதுதான் இதில் பெரிய தொல்லை. நுண்ணுயிர் அதை உடம்பிலிருந்து வெளியே தள்ளலாம், வேறு வடிவத்துக்கு மாற்றலாம், அழிக்க முடியாது. அதற்கே சக்தி போய்விடுவதால் வளரவும் பெருகவும் மிச்சம் குறைவு.

உங்கள் சாம்பலுக்கு வருகிறேன். பெயின்ட் அடித்த பலகை, வயர், பேட்டரி எதையாவது எரித்தால் காரீயம், காட்மியம், செம்பு எல்லாம் சாம்பலில் தங்கிவிடும். கரையான் அரிக்காமலிருக்கப் பச்சை மருந்து ஏற்றிய பழைய வீட்டுப் பலகை இன்னும் மோசம், அதில் செம்பு, குரோமியத்தோடு ஆர்செனிக் என்ற விஷமும் இருக்கலாம். லம்பத்து மணலில் ஆர்செனிக் ஏற்கெனவே இருக்க வாய்ப்புண்டு, வெள்ளீயத் தாதுவோடு பல இடங்களில் சேர்ந்தே கிடைப்பது அது. அந்த மணலில் மக்கிய பொருள் இல்லை, களிமண் இல்லை, உலோகத்தைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லாததால் நேரே வேருக்கே போகும்.

சரி, பிளாஸ்டிக்? 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டைத்தான் நுண்நெகிழி என்கிறார்கள். அதுவும் சும்மா இருக்காது. மண் கட்டி சேர்வதையும் தண்ணீர் பிடிப்பதையும் மாற்றும், அதன் மேல் வேறு மாதிரியான பாக்டீரியாக் கூட்டம் படலமாக ஒட்டிக்கொள்ளும், வெயிலில் காய்ந்து சொரசொரப்பான துண்டு உலோகத்தையும் ஒட்டவைத்துக்கொள்ளும். ஆனால் எந்தப் பிளாஸ்டிக், எவ்வளவு, எந்த மண் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது, சில சோதனைகளில் செடி நன்றாகக்கூட வளர்ந்திருக்கிறது. அதனால் பயப்படாமல் பெரிய துண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். அடுத்த முறை பாலிபேக் நொறுங்கும்வரை விடாதீர்கள்.

சாம்பலை இன்றே நிறுத்துங்கள். அப்புறம் மக்கிய உரத்தைத் தாராளமாகப் போடுங்கள். புளித்த (அமிலத்தன்மை கூடிய) மண்ணில் காட்மியமும் காரீயமும் சுலபமாகக் கரையும் என்பதால் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். ஆர்செனிக்குக்கு அது எதிர்மாறாகப் போகலாம். ஆகவே மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்காதீர்கள். பரிசோதனைக்குக் கொடுக்கும்போது பி.எச். (மண்ணின் புளிப்பு அளவு) மட்டும் போதாது, காட்மியம், காரீயம், ஆர்செனிக் மூன்றையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி: பாட்டிலில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசலை ஊற்றினால் உலோகம் போய்விடுமா? (செம்பனைத் தோட்ட வாசகர்)

பதில்: போகாது. விற்பவர் என்ன சொன்னாலும் சரி.

கேள்வி: அந்த மண்ணில் விளைந்த கீரையைச் சாப்பிடலாமா? (அதே வாசகி)

பதில்: பரிசோதனை முடிவு வரும்வரை கீரை வேண்டாம், இலையில்தான் காட்மியம் அதிகம் சேரும். பயற்றங்காயில், மிளகாயில் பொதுவாகக் குறைவு. காயிலும் ஒட்டியிருக்கும் மண்ணை நன்றாகக் கழுவுங்கள், காரீயம் பெரும்பாலும் அந்த ஒட்டுமண் வழியாகத்தான் வாய்க்குப் போகிறது. கீரை ஆசை விடாது என்றால் வேறு இடத்து மண்ணை வாங்கிப் பழைய வாளியில் போட்டு வளருங்கள்.