மான் வேட்டைக்கு 58 டாலர் தோட்டா தேவையா?

கேள்வி: வணக்கம் சார். டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் குடும்பத்தோடு இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. அலுவலக நண்பர்களோடு போய்ப் பழகி, இப்போது மலைப்பகுதியில் லானோ பக்கம் ஒரு வேட்டை லீஸில் (வேட்டைக்காகச் சேர்ந்து குத்தகைக்கு எடுக்கும் நிலத்தில்) பங்கு எடுத்திருக்கிறேன். வருடத்துக்கு மூன்று மான் கிடைக்கும். ரைஃபிள் .308 வின்செஸ்டர். 20 தோட்டா கொண்ட 32 டாலர் பெட்டிதான் வாங்குகிறேன். பயிற்சியையும் சேர்த்து வருடத்துக்கு ஆறு பெட்டி ஆகிறது. "இவ்வளவு செலவழித்துவிட்டுத் தோட்டாவில் போய் மிச்சம் பிடிப்பதா?" என்று லீஸ் கூட்டாளிகள் 58 டாலர் பிரீமியம் பெட்டியை வாங்கச் சொல்கிறார்கள். எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர் ஒருவர், "பாதிப் பணம் நான் போடுகிறேன், 200 தோட்டா மொத்தமாக வாங்கி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம்" என்கிறார். வாங்கலாமா? மற்ற செலவு: லீஸ் பங்கு 2,000, மானை வரவழைக்கப் போடும் மக்காச்சோளம் 300, பெட்ரோல் 400, கறி வெட்டித் தர மானுக்கு 150, சூப்பர் காம்போ லைசென்ஸ் 68. வீட்டில் மனைவி, 4 வயது மகள். கறி வெளியில் வாங்கும் செலவு மிச்சமாகிறது என்பதுதான் வீட்டில் நான் சொல்லி வைத்திருக்கும் நியாயம்.

பதில்: கடைசி வரியை முதலில் பார்த்துவிடலாம். நீங்கள் கொடுத்த கணக்கைக் கூட்டினால் தோட்டாவோடு சேர்த்து வருடத்துக்கு 3,410 டாலர். மலைப்பகுதி மான்கள் சிறியவை. எலும்பு நீக்கினால் ஒன்றுக்கு 35 பவுண்டு கறி தேறும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் சேர்த்து 105 பவுண்டு. பவுண்டு 32 டாலருக்கு மேல் விழுகிறது. ஆட்டுக்கறிக்குக் கூட இதில் பாதி கொடுக்க மாட்டீர்கள். வேட்டை உங்களுக்குப் பிடித்திருக்கிறது, அதற்காகச் செலவழிக்கிறீர்கள். தப்பே இல்லை. ஆனால் அதை பொழுதுபோக்குக் கணக்கில் எழுதுங்கள், மளிகைக் கணக்கில் எழுதாதீர்கள்.

இப்போது தோட்டா. இரண்டு பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தோட்டாவுக்கு 1.30 டாலர். மூன்று மானுக்கு அதிகபட்சம் நான்கைந்து முறை சுடுவீர்கள். அதாவது மான் மீது போகும் தோட்டாவில் நீங்கள் மிச்சம் பிடிப்பது வருடத்துக்கு ஐந்து, ஆறு டாலர். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லும் கூட்டாளிகளும் சரி, சிக்கனம் என்று நினைக்கும் நீங்களும் சரி, தவறான இடத்தைப் பார்க்கிறீர்கள். பணம் போவது பயிற்சி மைதானத்தில்தான். ஆறு பெட்டியையும் பிரீமியமாக வாங்கினால் கூடுதல் செலவு 156 டாலர். அதில் பெரும்பகுதி காகித இலக்கைத் துளைக்கத்தான் போகும். காகிதத்துக்கு எந்தக் குண்டாக இருந்தால் என்ன?

வேட்டையிலாவது பிரீமியம் கூடுதல் பலன் தருமா என்றால், நீங்கள் சுடும் வெள்ளைவால் மானுக்குப் பெரிதாக இல்லை. குண்டு என்பது தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் பகுதி. சாதாரணக் குண்டு என்பது ஈயக் கருவின் மேல் மெல்லிய செம்பு உறை, முனையில் ஈயம் தெரியும். பட்டவுடன் காளான் போல விரியும். ரெமிங்டனின் கோர்-லாக்ட் 1939 முதல் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஃபெடரல் பவர்-ஷாக், ஹார்னடி இன்டர்லாக் எல்லாம் இதே ஜாதிதான். மானின் முன்காலுக்குச் சற்றுப் பின்னால் விலா எலும்புகள் மெலிந்தவை, உள்ளே நுரையீரல். .308 வேகத்தில், மக்காச்சோள ஃபீடரிலிருந்து 100 கஜத்தில் உட்கார்ந்து சுடுகிற உங்களுக்கு அந்த இடத்தில் இந்தக் குண்டு தாராளமாகப் போதும்.

பிரீமியம் பிறந்த கதையைக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். 1946-இல் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற ராட்சத மானை வேட்டையாடப் போனார். சேறு காய்ந்து ஒட்டிய அதன் தடித்த தோலில் அவர் குண்டுகள் ஆழமாக இறங்காமல் சிதைந்தன. அந்த எரிச்சலில் அவர் உருவாக்கியதுதான் நடுவில் செம்புத் தடுப்பு வைத்த பார்ட்டிஷன் குண்டு. முன்பாதி சிதறினாலும் பின்பாதி உள்ளே போகும். அரை டன் மிருகத்துக்காகச் செய்தது அது. லானோவின் பெண் மான் ஒரு வளர்ந்த மனிதரின் எடை கூட இருக்காது.

உங்கள் ஊரிலேயே பிரீமியத்துக்கு நியாயமான வேலை ஒன்று உண்டு. சுமார் நூறு வருடம் முன்பு தெற்கு டெக்சஸின் கிங் ரான்ச் பண்ணையில் கொண்டுவந்து விட்ட நீலகாய், நம் வட இந்திய நீலகாயேதான், இன்று அங்கே பெருகிக் கிடக்கிறது. தடித்த தோல், கனத்த தோள்பட்டை, லேசில் விழாது. அந்த வேட்டைக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுகிறவர் தோட்டாவில் 26 டாலர் மிச்சம் பிடிக்கக் கூடாது. மலைப்பகுதியில் திரியும் புள்ளிமானுக்கு அதெல்லாம் வேண்டாம்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் உங்கள் வீட்டில் 4 வயதுக் குழந்தை இருக்கிறது.

ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றியுள்ள தசையில் தெறிக்கின்றன. 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்காக நன்கொடையாக வந்த மான் கறிப் பொட்டலங்களை எக்ஸ்ரே எடுத்தபோது ஈயத்துகள்கள் தெரிந்தன. ஈயக் குண்டால் சுட்ட மான் கறியைக் கர்ப்பிணிகளும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் சாப்பிட வேண்டாம் என்று அந்த மாநில சுகாதாரத் துறை அறிவித்தது. அப்போது அங்கே எழுநூற்றுச் சொச்சம் பேரின் ரத்தத்தையும் சோதித்தார்கள். வேட்டைக் கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஈயம் சற்று அதிகம், ஆனால் யாரும் அன்றைய அபாய எல்லையைத் தாண்டவில்லை. பெரியவர்கள் இதற்காகப் பதற வேண்டியதில்லை. குழந்தைகளுக்கோ ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

ஆகவே உங்களுக்கு என் பதில்: பிரீமியம் வேண்டாம், செம்பு வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. பார்ட்டிஷன் போன்ற பல விலை உயர்ந்த குண்டுகளுக்குள்ளும் ஈயம்தான். 58 டாலர் கொடுத்தும் அதே ஈயத்தைச் சாப்பிட வேண்டியிருக்கும். பெட்டியில் ஈயம் இல்லை, முழுச் செம்பு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் அந்த வகை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் ஈயக் குண்டால் வேட்டையாடவே முடியாது, அங்கிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை.

செம்பு ஈயத்தை விட லேசானது, விரிய வேகமும் வேண்டும். அதனால் குண்டின் எடை 150 கிரெயினுக்கு மேல் போக வேண்டாம். 130 கிரெயின் கூட நன்றாக வேலை செய்யும். 100 கஜத்தில் வேகம் ஒரு பிரச்னையே இல்லை.

வருடத்துக்கு ஐந்து பெட்டி சாதாரணம், ஒரு பெட்டி செம்பு. செம்புப் பெட்டியும் அதே 58 டாலர் என்று வைத்துக்கொண்டால் கூடுதல் செலவு 26 டாலர். மழைக்காலம், வெயில்காலம் எல்லாம் சாதாரணத்தில் பழகுங்கள். இரண்டு குண்டும் ஒரே இடத்தில் படாது. 100 கஜத்தில் ஓரிரு அங்குலம் தள்ளித்தான் படும், சில ரைஃபிளில் இன்னும் அதிகம். அதனால் அக்டோபரில் செம்புத் தோட்டாவைப் போட்டு, குறிபார்க்கும் ஸ்கோப்பைச் சரி செய்யுங்கள். அதற்கு எட்டு, பத்து தோட்டா போகும். அப்புறம் சீசன் முடியும் வரை ஸ்கோப் திருகைத் தொடக் கூடாது. மிச்சம் பத்து தோட்டா மூன்று மானுக்குத் தாராளம்.

அந்த 26 டாலருக்கும் வழி இருக்கிறது. சூப்பர் காம்போ லைசென்ஸில் மீன்பிடியும் பறவை வேட்டை அனுமதியும் சேர்ந்திருக்கின்றன. தூண்டில் பக்கமே போகாதவர் என்றால், ரைஃபிளால் மான் சுட 25 டாலர் சாதாரண லைசென்ஸ் போதும். 43 டாலர் கையில் நிற்கும்.

கறி வெட்டும் கடையில் ஒன்று கேளுங்கள்: உங்கள் மானைத் தனியாக அரைத்துத் தருவார்களா? பல இடங்களில் நான்கைந்து பேருடைய துண்டுகளை ஒன்றாகப் போட்டுக் கொத்துக்கறி ஆக்கி, எடைக்கு எடை பிரித்துத் தருகிறார்கள். நீங்கள் செம்பில் சுட்டு, அடுத்தவருடைய ஈயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால் 26 டாலரும் தண்டம். தனியாக அரைக்கச் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள்.

மொத்தமாக 200 வாங்குவது: செம்பில் இப்போது வேண்டாம். சில ரைஃபிள்களுக்குச் சில தோட்டா ஒத்துவராது, குண்டுகள் சிதறிப் படும். ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சாதாரணத் தோட்டாவை சீசன் முடிந்த பிறகு தள்ளுபடியில் மொத்தமாக வாங்கலாம். ஈரமும் சூடும் படாமல் வைத்தால் பல வருடம் கெடாது.

எச்-1பி நண்பர் விஷயம்தான் எனக்குக் கவலை. குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. சும்மா பாதிப் பெட்டியைத் தன் கார் டிக்கியில் வைத்துக்கொண்டு போனாலும் சிக்கல்தான், மாட்டினால் விசாவும் போகும். தெரிந்தே கொடுத்தால் உங்களுக்கும் வம்பு. அவர் டெக்சஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் அதே 25 டாலர் லைசென்ஸ் எடுக்கலாம். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் வேட்டைப் பாடச் சான்றிதழும் வேண்டும், இணையத்திலேயே முடித்துவிடலாம். லைசென்ஸைக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகு நண்பரிடம் பணம் வாங்குங்கள். அதுவரை பெட்டிகள் எல்லாம் உங்கள் வீட்டு அலமாரியில், மகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டிலேயே இருக்கட்டும்.