டெப்பட் கவரை இறுக்கினால் கசிவு நிற்காது

கேள்வி: ஐயா, அப்பப்பா ஓடிய 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் இப்போது என்னிடம் இருக்கிறது. எஞ்சினின் மேல் மூடியான டெப்பட் கவரைச் சுற்றி ஒயில் கசிகிறது. இரண்டு முறை அதன் அடியில் கசிவை அடைக்க வைக்கும் பெக்கிங்கை மாற்றி நட்டுகளை நன்றாக இறுக்கியும் நிற்கவில்லை. கல்முனைக்குப் போய் வந்தால் எஞ்சினின் பின்பக்கத்திலிருந்தும் சொட்டுகிறது. பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கத்தான் வேண்டுமா?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: இறக்க அவசரப்படாதீர்கள் தம்பி. எஞ்சின் சூடானதும் மெதுவாக ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு கடதாசித் துண்டை வையுங்கள். கடதாசி விசையோடு தூக்கி எறியப்பட்டு, நீலப்புகை குபுகுபுவென்று வந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். லேசாகத் துடித்தால் ரிங் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்போது எஞ்சினின் மூச்சுக்குழாயைப் பாருங்கள்.

எந்த எஞ்சினிலும், புத்தம் புதியதிலும்கூட, எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாண்டி ஒயில் தொட்டிப் பக்கம் இறங்கும். அது வெளியேற வழி வேண்டும். உங்கள் 948 சிசி எஞ்சினில், பக்கவாட்டில் முன்பக்கம் இருக்கும் தகட்டு மூடியிலிருந்து அந்த மூச்சுக்குழாய் கீழே இறங்கி, வீதியைப் பார்த்துத் திறந்திருக்கும். கார் ஓடும்போது அடியில் போகிற காற்று அந்த வாயுவை இழுத்துக்கொள்ளும். குழாய் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பெக்கிங் எங்கே பலவீனமோ அங்கே ஒயிலைத் தள்ளும். பின்பக்கச் சொட்டுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அங்கே ரப்பர் சீல் கிடையாது. கிராங்கின், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டின், முனையில் வெட்டிய திருகுப்பள்ளம்தான் ஒயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. உள்ளே அழுத்தம் இருந்தால் அந்தப் பள்ளத்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஒயில் கிளட்சுக்குப் போய்விடும்.

கல்லடியில் ஒரு மைனர் பல மாரி தகரக் கொட்டிலுக்குள் நின்றது. அதன் உரிமையாளரும் மூன்று பெக்கிங் மாற்றியிருந்தார். நான் காருக்கு அடியில் படுத்துக் குழாயின் வாயைப் பார்த்தேன். சுவர் பூசியதுபோல் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. கம்பியை விட்டுக் குத்தியதும் மண்கட்டிகளும், குளவி குஞ்சுக்கென்று சேர்த்து வைத்த சிலந்திகள் காய்ந்து சருகாகவும் என் முகத்தில் கொட்டின. அன்றோடு அந்தக் காரின் கசிவு நின்றது. நம் ஊரில் நிறுத்தி வைத்த எந்த வாகனத்துக்கும் இது நடக்கலாம்.

குழாயோடு அந்தத் தகட்டு மூடியையும் கழற்றி, மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டுக் கழுவுங்கள். உள்ளே படிந்த கருஞ்சேறு ஒரே கழுவலில் போகாது. டெப்பட் கவரிலிருந்து எயார் கிளீனருக்கு ரப்பர் குழாய் போனால் அதையும் ஊதிப் பாருங்கள். ஒயில் மூடிக்கு அடியில் வெள்ளை நுரை ஒட்டியிருந்தால் உடனே ஹெட் பெக்கிங் (சிலிண்டர்களுக்கு மேலுள்ள ஹெட்டின் அடியில் இருப்பது) போய்விட்டதென்று பயப்படாதீர்கள். சந்தைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் மட்டும் ஓடுகிற காரில் நீராவி தங்கி அப்படி ஆகும். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்தால் மட்டும் யோசியுங்கள்.

இனி டெப்பட் கவர். அது மெல்லிய தகடு. அதன் இரண்டு நட்டுகளுக்கும் 4 அடி-இறாத்தல் இறுக்கம் போதும். நீங்கள் இறுக்கிய இறுக்கத்தில் விளிம்பு வளைந்திருக்கும். மட்டமான இரும்புப் பலகையில் வைத்து மெதுவாகத் தட்டி நேராக்குங்கள். கோர்க் பெக்கிங்கைக் கவரின் பக்கம் மட்டும் பசை வைத்து ஒட்டுங்கள், ஹெட்டின் பக்கம் வேண்டாம். நட்டுக்கு அடியிலுள்ள ரப்பர்களையும் மாற்றுங்கள். கவர் திறந்திருக்கும்போதே, எஞ்சின் குளிர்ந்த நிலையில், வால்வு இடைவெளி 0.012 அங்குலம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து 200 கிலோமீற்றர் ஓடிய பிறகும் கசிந்தால், நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து எழுதுங்கள். ரிங்கைப் பற்றி அப்போது பேசுவோம்.