பட்டா கொடுத்தால் போதாதா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க, கனடியப் பழங்குடிகள் பற்றிய உங்கள் கட்டுரையில் சுயாட்சி, சுயாட்சி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பழங்குடிகளுக்கென ஒதுக்கிய ரிசர்வேஷன் நிலத்தைப் பிரித்து அவரவர் பெயரில் பட்டா கொடுத்துவிட்டால் வங்கிக் கடன் வரும், தொழில் வரும். இதற்கு ஏன் இத்தனை அரசியல்?

மு.

அன்புள்ள மு.,

நீங்கள் சொல்வதை அமெரிக்கா செய்து பார்த்துவிட்டது. 1887இல் வந்த டாஸ் சட்டப்படி குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர். பங்கிட்டது போக மிஞ்சியதை ‘உபரி’ என்று சொல்லி வெள்ளையர் குடியேறத் திறந்துவிட்டார்கள். கொடுத்ததும் நிலைக்கவில்லை. முழு உரிமை கைக்கு வந்ததுமே நிலவரியும் வந்தது. வரி பாக்கிக்கும் அடிமாட்டு விலைக்குமாக ஏராளமான நிலம் கைமாறியது. 1887இல் சுமார் 13.8 கோடி ஏக்கராக இருந்த பழங்குடி நிலம் 1934இல் 4.8 கோடிக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் அந்தச் சட்டத்துக்காக வாதாடியவர்களில் பலர் தங்களைப் பழங்குடிகளின் நண்பர்கள் என்றே நம்பினார்கள்!

விற்காமல் மிஞ்சிய பங்குகள் அரசின் அறங்காவலில் இருந்தன, அதாவது உரிமை அரசின் பெயரில், பயன் அவர்களுக்கு. பிரிக்காமலே வாரிசுக்கு வாரிசு இறங்கி, ஒரே துண்டுக்கு இன்று நூற்றுக்கணக்கான பங்குதாரர்கள் இருப்பதுண்டு. குத்தகைக்கு விடுவதென்றாலும் பாதிப் பங்குக்கு மேல் வைத்திருப்பவர்களைத் தேடிச் சம்மதம் வாங்க வேண்டும், அப்புறம் வாஷிங்டனின் அனுமதி வேறு.

கடன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். கனடாவின் இந்தியர் சட்டத்தில் (பழங்குடிகளைத்தான் அது அப்படிச் சொல்கிறது) 89ஆம் பிரிவு, ரிசர்வில், அதாவது அங்குள்ள ஒதுக்கு நிலத்தில், உள்ள பழங்குடியினரின் சொத்தை வெளியார் ஜப்தி செய்யாமல் காக்கிறது. அதனாலேயே வங்கிகள் அதை அடமானமாக ஏற்கத் தயங்குகின்றன.

ஆனால் அதே கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் நிஸ்கா பழங்குடி மக்களைப் பாருங்கள். 2000இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் நிலமும் சட்டம் இயற்றும் அதிகாரமும் சேர்ந்தே கிடைத்தன. பிறகு அவர்களே சட்டம் போட்டு, வீட்டுமனைகளைத் தனியுடைமையாக்கிக்கொள்ள வழிவிட்டார்கள். அடமானம் வைக்கலாம், வெளியாருக்கும் விற்கலாம். நீங்கள் கேட்கும் அதே பட்டாதான். ஆனால் மனை யார் கைக்குப் போனாலும் அந்த மண்ணில் நிஸ்கா அரசின் சட்டம் செல்லும். டாஸ் சட்டத்தில் நிலம் கைமாறியபோது அதன்மீது பழங்குடி அரசின் அதிகாரமும் பெருமளவு சுருங்கிவிட்டது.

அமெரிக்காவிலும் 2012இல் ஒரு வாசல் திறந்தது. ஒரு பழங்குடி அரசு தன் குத்தகை விதிகளுக்கு ஒருமுறை ஒப்புதல் வாங்கிவிட்டால், தன் பொது நிலத்தில் ஒவ்வொரு குத்தகைக்கும் மத்திய அரசின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கடை வைக்க வருபவருக்கு அதுவே பெரிய விஷயம். நீங்கள் ‘அரசியல்’ என்று ஒதுக்கியது இந்த அதிகாரத்தைத்தான்.