கிளியின் கண்ணை வெட்ட எந்த ஸ்க்ரோல் ஸா? சில கேள்விகள், பதில்கள்

காரைக்குடியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைதான் என் பட்டறை. தொழில் இல்லை, பொழுதுபோக்கு: பெயர்ப்பலகை, விளக்குத் தட்டி, பிள்ளைகளுக்கு மர யானை. மெல்லிய பிளேடு மேலும் கீழுமாக ஓட, மேடையில் வைத்த பலகையை வளைத்து வளைத்து வெட்டும் மின்ரம்பம்தான் ஸ்க்ரோல் ஸா. குறைந்த விலையில் அதை வாங்குவது பற்றிப் பலரும் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து: அண்ணே, கையில் ரூ.15,000 இருக்கிறது. வாட் அதிகமாக இருக்கிற மிஷினாகப் பார்த்து வாங்கவா?

வாட்டை விடுங்க தம்பி. முக்கால் இஞ்ச் பலகையை வெட்ட 90, 120 வாட் மோட்டாரே போதும். முதலில் பிளேடை எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள்.

பிளேடு இரண்டு வகை. ஒன்றில் இரண்டு முனையிலும் குறுக்கே சின்ன பின் இருக்கும், கொக்கியில் மாட்டிவிடலாம். இன்னொன்று பின் இல்லாத மொட்டைப் பிளேடு, திருகி இறுக்க வேண்டும். என் முதல் மிஷின் பின் பிளேடு மட்டும் ஏற்கிற ரகம். மாட்ட சுலபம் என்று மயங்கி வாங்கினேன். வாசலுக்கு ஒரு கிளிப் பலகை வரைந்து வெட்ட உட்கார்ந்தேன். வாலும் அலகும் அருமையாக வந்தன. கண்ணை வெட்ட வேண்டுமே, உள்ளே துளை போட்டுத்தானே பிளேடைக் கோர்க்க முடியும்? அந்தப் பின் நுழைய சுமார் 5 மில்லிமீட்டர் துளை தேவை. கண்ணே மொத்தம் 4 மில்லிமீட்டர்தான். கிளி கோட்டான் மாதிரி முழித்தது. இன்றும் கொட்டகைச் சுவரில் தொங்குகிறது.

மொட்டைப் பிளேடில் மெல்லிய 2-ஆம் நம்பர் என்றால் 1 மில்லிமீட்டர் துளையில் போய்விடும். அதனால் இரண்டு வகையும் ஏற்கிற மிஷினாக, கையாலேயே திருகி பிளேடு மாற்றும் வசதியோடு கேளுங்கள். ஒரு பூக்கிராதி வெட்ட நாற்பது தடவை கழற்றி மாட்டுவோம், ஒவ்வொரு தடவையும் ஆலன் சாவி (ஆறு பட்டைத் திருகுச் சாவி) தேடினால் ஆசையே போய்விடும்.

அப்புறம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. நிமிடத்துக்கு 400 முதல் 1,600 வெட்டு வரை இருந்தால் நல்லது. பிளேடிலிருந்து மிஷினின் பின்பக்கத் தூண் வரை 16 இஞ்ச் இடைவெளி வீட்டு வேலைக்குத் தாராளம். ரூ.15,000-ஐயும் மிஷினிலேயே போட்டுவிடாதீர்கள், மூவாயிரமாவது நல்ல பிளேடுக்கு ஒதுக்குங்கள். கூடவே வரும் பிளேடு பெரும்பாலும் பெயருக்குத்தான்.

பள்ளத்தூரிலிருந்து: வீட்டில் ஜிக்ஸா (கையில் பிடித்து ஓட்டும் மின்ரம்பம்) இருக்கிறது, அதுவே போதாதா?

அலமாரிப் பலகை அறுக்கப் போதும், கிளிக்குப் போதாது. ஜிக்ஸா பிளேடை ஒரு முனையில் மட்டும்தான் பிடிக்கிறது. வளைவில் கீழ்முனை விலகிப் போகும், மேல்பக்கம் செதில் பெயரும்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: பழைய வீடு பிரித்தபோது வந்த பர்மா தேக்குத் துண்டுகள் கிடக்கின்றன. அதில் வேலை செய்யலாமா?

செய்யலாம் ஆச்சி, ஆனால் செதுக்கு வேலை இருக்கிற துண்டு எதையும் தயவுசெய்து அறுக்காதீர்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைக்காரர்களிடம் காட்டினாலே அதன் மதிப்பு தெரியும். வெறும் சட்டம், பலகை என்றால் சரி.

முதலில் ஒரு காந்தத்தை மேலே மெதுவாக ஓட்டுங்கள். தலை மழுங்கி உள்ளே புதைந்த ஆணி கண்ணுக்குத் தெரியாது, காந்தம் டக்கென்று ஒட்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதைச் சுரண்டும்போது முகமூடி கட்டாயம். மிஷின் அட்டையில் 2 இஞ்ச் தடிமன் வரை வெட்டும் என்று போட்டிருப்பார்கள். வெட்டும், ஆனால் உங்கள் பொறுமையையும் சேர்த்து. சட்டத்தை மரக்கடையில் கொடுத்து அரை இஞ்ச் பலகையாக அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தேக்கில் மணல் சத்து உண்டு, பிளேடு சீக்கிரம் மழுங்கும். வெட்டிய ஓரம் கருகினால், தள்ளத் தள்ள நகராவிட்டால், பிளேடை மாற்றிவிடுங்கள். பார்சல் ஒட்டுகிற டேப்பை மேலே ஒட்டி வெட்டினால் கருகல் வெகுவாகக் குறையும். தேக்குத் தூள் சிலருக்கு அரிப்பு கொடுக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

புதுவயலிலிருந்து: புது மிஷின், நேர்க்கோடு போட்டால் பிளேடு ஒரு பக்கமாக ஓடுகிறது. திருப்பிக் கொடுத்துவிடவா?

வேண்டாம். பிளேடு செய்யும்போது ஒரு பக்கம் பிசிறு தங்கும், அந்தப் பக்கம் கூடுதலாகக் கடிக்கும். பலகையைக் கொஞ்சம் சாய்த்துத் தள்ளப் பழகுங்கள், இரண்டு நாளில் கை தானே செய்யும். பிளேடு தொய்வாக இருந்தாலும் இப்படித்தான் ஓடும். இறுக்கிவிட்டு விரலால் சுண்டினால் வீணைக் கம்பி மாதிரி கணீரென்று கேட்க வேண்டும்.

கோட்டையூரிலிருந்து: மகன் சிங்கப்பூரில், மருமகன் அமெரிக்காவில். யாரிடம் வாங்கி வரச் சொல்ல?

மகனிடம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்க மிஷின் 120 வோல்ட். அப்படியே சொருகினால் புகைதான். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, பெட்டி எடைக்கும் பணம் கட்டினால், மலிவு எங்கே இருக்கிறது?

மானகிரியிலிருந்து: பழைய மிஷின் ஒன்று விலைக்கு வருகிறது. எப்படிச் சோதிப்பது?

பிளேடின் மேல்முனையைப் பிடித்திருக்கும் மிஷினின் மேல் கையைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொட என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது, விட்டுவிடுங்கள். பிளேடு கவ்வும் திருகின் மரை வழுக்குகிறதா பாருங்கள். பிறகு மேடையில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தி மிஷினை ஓட்டுங்கள். நின்றால் பிரமாதம். விழுந்தாலும் உடனே ஒதுக்க வேண்டாம், கனமான மேசையில் போல்ட் போட்டு முடுக்கினால் பாதி அதிர்வு அடங்கும். லேசான பிளைவுட் மேசையில் வைத்துவிட்டு மிஷினைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

அமராவதிபுதூரிலிருந்து ஒரு மாணவர்: ஐயா, என்னிடம் ஆயிரம் ரூபாய்கூட இல்லை.

கையால் அறுக்கும் ஃப்ரெட் ஸா வாங்குங்க தம்பி. பலகைத் துண்டு ஒன்றில் முன்பக்கம் 'வி' மாதிரி ஒரு வாய் வெட்டி மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வாயின் மேல் மரத்தை வைத்து, பல் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, கீழே இழுக்கும்போது மட்டும் வெட்டுங்கள். 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் தொடங்குங்கள். 5 இஞ்ச் மொட்டைப் பிளேடாகவே பார்த்து வாங்கினால், மிச்சமானதை நாளைக்கு வாங்கும் மிஷினிலும் மாட்டிக்கொள்ளலாம்.